மூடுறதுக்கு என்ன அவசரம்

காயத்திலிருந்து வழிந்து வரும் தண்ணீரை டாக்டர், கையுறை போட்ட உள்ளங்கையில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். கீரை அலசிய தண்ணீரில் மண் போய்விட்டதா என்று நாம் வீட்டில் பார்ப்போமே, அப்படி. ஒரு பொடி நெருடினாலும் போதும். “இன்னும் இருக்குங்க சிஸ்டர்” என்பார். நான் அடுத்த சலைன் பையைத் தொங்கவிடுவேன்.

கொரோனா வார்டுகளை மறுபடியும் சாதாரண வார்டுகளாக மாற்றிக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். எலும்பு டாக்டர். ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆள். திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தார். நான் ராயபுரத்திலேயே பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே கல்யாணமும் ஆகி, பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து தலை நரைத்தவள். எத்தனையோ டாக்டர்களின் கைகளைப் பார்த்திருக்கிறேன். வேகமான கை, பதறும் கை, கோபமான கை, படம் வரைவது போல அழகாகத் தையல் போடும் கை. இவருடையது மெதுவான கை. முதல் நாளே எனக்கு அலுப்பாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் கால் முறிவதற்குப் பஞ்சமே கிடையாது. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகள் சாலையின் ஒரு பாதியை அடைத்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். மீதி இடுக்கில்தான் பைக், ஆட்டோ, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும், நடுவில் சதையே இல்லை. அந்த எலும்பு முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு சுலபமாக வெளியே வந்துவிடும். வந்த எலும்பு ரோட்டில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் பூசிக்கொண்டு வரும்.

அவர் செய்த முதல் கேஸ் முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஒருவர். படகைக் கரையேற்றும்போது கால் அடியில் மாட்டிக்கொண்டது. கழிமுகத்துச் சேறு, சாம்பல், எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு கறுப்பு, எலும்பின் முனையில் அப்பியிருந்தது. டாக்டர் கழுவ ஆரம்பித்தார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். சதையைக் கிள்ளிப் பார்த்து, துடிக்காமல் செத்துக் கிடந்ததை வெட்டி எடுத்தார். பிறகு மறுபடியும் கழுவல். என் செருப்புக்குக் கீழே தண்ணீர் குளமாக நின்றது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வாய்த்துடுக்கான பெண்மணி, ஆனால் வேலையில் புலி.

“சார், நீங்க ஆபரேஷன் பண்றீங்களா, துணி துவைக்கிறீங்களா?”

“துவைக்கிறேன் மேடம்” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

“அப்ப நீங்க தப்பா வந்துட்டீங்க. வண்ணாரப்பேட்டை அடுத்த ஸ்டேஷன்.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்ச நேரம் கழித்து. அன்றிலிருந்து தியேட்டரில் அவருக்கு ‘சலவை டாக்டர்’ என்று பெயர்.

கழுவி முடித்ததும் தையல் ஊசியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. எலும்பில் மேலும் கீழுமாகக் கம்பிகளை முடுக்கி, அவற்றை வெளியே ஒரு சட்டத்தோடு சேர்த்துக் கால் அசையாமல் நிறுத்தினார். காயத்தை அப்படியே திறந்து விட்டு, ஈரத்துணி சுற்றினார்.

“தையல் சார்?”

“நாளன்னைக்குத் திரும்பப் பார்க்கலாம் சிஸ்டர். மூடுறதுக்கு என்ன அவசரம்?”

இந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்காத வாரம் இருந்ததில்லை. தைத்து மூடி அனுப்பினால் பார்க்க நன்றாக இருக்கும், சொந்தக்காரர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படி எங்கெங்கோ மூடி அனுப்பப்பட்டவர்கள் சில வாரம் கழித்துச் சீழோடு எங்களிடம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும், திறந்து கிடக்கும் காயத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

அந்த மீனவரை மறுபடியும் மேசையில் போட்டுக் கழுவினார். அப்புறம் இன்னொரு தடவை. தண்ணீர் தெளிந்து, சதை ரோஜா நிறத்தில் துடிக்க ஆரம்பித்த பிறகுதான், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரை வரவழைத்தார். கெண்டைக்கால் சதையில் ஒரு பகுதியைத் திருப்பி முன்பக்கம் கொண்டுவந்து எலும்பின்மேல் போர்த்தி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் பிழைத்தது.

நோயாளிகளிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியும் விசித்திரமாக இருக்கும். எப்படி அடிபட்டது என்று கேட்க மாட்டார். “எங்கே விழுந்தீங்க?” என்பார். கொருக்குப்பேட்டை ரயில் தண்டவாளம் ஓரமா, மீன் ஏலம் போடும் இடமா, கால்வாய்க்குள்ளேயா? ஒவ்வொரு இடத்து அழுக்குக்கும் ஒவ்வொரு மருந்து வேண்டும் என்பார். ஒருமுறை எங்கள் வார்டு உதவியாளர் ஓடி வந்து, “சிஸ்டர், நம்ம டாக்டரு எண்ணூராண்ட ரோட்டு ஓரமா குந்திகினு மண்ண அள்ளி மோந்து பாத்துகினு கீறாரு. மனுசன் நல்லாத்தான் கீறாரா?” என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தார். அந்தச் சாலையில் விழுந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சீழ் வருகிறதே, ஏன் என்று பார்க்கப் போயிருந்தார்.

இத்தனை கழுவுகிறவரின் பைக்கைப் பார்க்க வேண்டுமே! அது எந்த நிறம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மழை பெய்தால்தான் அதற்குக் குளியல். சட்டைப் பையில் மைக்கறை. மதியச் சாப்பாட்டைப் பல நாள் மறந்துவிடுவார். என் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிடுவார்.

அவரிடம் ஒரு குறை இருந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாது. “எப்ப சார் வூட்டுக்குப் போவேன்?” என்று யார் கேட்டாலும், “தெரியலைங்க, பார்க்கலாம்” என்பார். ஜனங்களுக்கு அது பேஜாராக இருக்கும். ஒரு தேதியைச் சொன்னால்தான் என்ன என்று நானே கேட்டிருக்கிறேன். “எலும்புக்குத் தேதி தெரியாதுங்களே சிஸ்டர்” என்றார், ஏதோ எலும்பின்மேல் தவறு போல.

கஸ்தூரி வந்தது ஒரு பிற்பகல் வேளையில். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பெண். முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் தேவன், கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறவர். சவாரியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது, பின்னால் வந்த ட்ரெய்லர் ஒன்று ஆட்டோவை நடுச்சுவரோடு சேர்த்து நசுக்கியிருக்கிறது. இடது கால் இரும்புக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

அவள் நினைவோடுதான் இருந்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், வண்டிய ரோட்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன். சாவி அதுலயே கீது. யாராண்டயாவது சொல்லு” என்றாள்.

கத்தரிக்கோலால் துணியை வெட்டிக் காலைப் பார்த்தேன். எலும்பு துண்டு துண்டாகக் கிடந்தது. சதை நைந்து, மண்ணும் கண்ணாடித் தூளும் கிரீஸும் உள்ளே ஏறியிருந்தன.

எங்கள் எலும்புப் பிரிவின் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. “எடுத்துடலாம்பா. இப்ப எடுத்தா முழங்கால் மிஞ்சும்.”

நம்மவர் அவளுடைய கால் பெருவிரலை அழுத்தினார். விட்டார். மறுபடியும் அழுத்தினார். “சூடு இருக்கு சார். ரத்தம் திரும்புது. ஒரு தடவை கழுவிப் பார்க்கலாமே.”

பெரியவர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். “உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவர் கழுவியது போல ஒருவர் கழுவி நான் பார்த்ததில்லை. சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். ‘டிங்’ ‘டிங்’ என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மயக்க மருந்து டாக்டரம்மாகூட அன்று கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் வார்டில் கஸ்தூரி கண்ணைத் திறந்ததும் கேட்டாள்: “காலு கீதா?”

“இருக்குங்க” என்றார்.

“இருக்கும்ல?”

“தெரியலைங்க. பார்க்கலாம்.”

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அப்புறம் என்னிடம் திரும்பி, “வந்ததுலேர்ந்து அல்லாரும் ஒண்ணியும் இல்ல, ஒண்ணியும் இல்லன்றாங்க. இந்தாளு ஒருத்தரு தான் தெரியலன்றாரு” என்றாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தேவனுக்குத்தான் பிடிக்கவில்லை. கட்டுப் பிரித்துக் கட்டும்போது காயத்தைப் பார்த்துவிட்டார். வராந்தாவில் டாக்டரை மறித்துக்கொண்டார்.

“இன்னா சார், ஆட்டுக்கறி மாதிரி தொறந்து போட்டுகீற? தச்சுட்டா ஆறிடும்ல? நாங்க ஏழைங்கன்னு பாத்துகினு கீறியா?”

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. “தச்சுட்டா பார்க்க நல்லா இருக்கும்ங்க. உள்ளே அழுகுனா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திறந்து இருந்தா தினம் பார்க்கலாம். மூடுறதுக்கு என்ன அவசரம்?”

“எனக்கு அவசரம் சார்” என்றார் தேவன். “சின்னப் பொண்ணு அம்மா எப்ப வருவான்னு கேட்டுகினே கீது.”

தேவனின் தோளில் கை வைக்கப் போன டாக்டர், ஏனோ பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை மேசையில் போட்டபோது சதையின் ஒரு பக்கம் கறுத்திருந்தது. வெட்டி எடுத்தார். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் இடுக்கியால் சதையைக் கிள்ளிவிட்டுத் துடிக்கிறதா என்று காத்திருப்பார். துடிக்காது. கொஞ்சம் தள்ளிக் கிள்ளுவார். காத்திருப்பார். எதிரே நிற்கும் எனக்கு, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

கழுவிய தண்ணீர் அப்போதெல்லாம் தெளிவாகவே வந்தது. கொடுமையே அதுதான். உள்ளங்கையில் பிடித்துத் தேய்த்தால் எதுவும் நெருடாது. மண் எப்போதோ போய்விட்டது. நசுங்கிய சதைதான் தானாகச் செத்துக்கொண்டிருந்தது. எந்தத் தண்ணீரும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அடுத்த பையைத் தொங்கவிடச் சொன்னார். அதுவரை அவருடைய பொறுமையை மரியாதையாகப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, அன்று முதல்முறையாக அதைப் பார்த்துப் பயம் வந்தது.

கஸ்தூரிக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. வாய் ஓயாமல் வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்தாள். சிறுநீர் குறைந்தது. கண்ணைச் சுற்றி ஒரு சாம்பல் நிறம் படிந்தது. ஒரு காலையில் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவந்தோம். என்ன ஆபரேஷன் என்று கேட்டதற்கு, “கழுவித்தான் பார்க்கணும்” என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

மயக்க மருந்து டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் அந்த அறையில் எது பேசினாலும் கேட்கும்.

“சார், நீங்க காலைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க. நான் ஆளைப் பார்க்கிறேன். ஆள் போயிட்டிருக்காங்க.”

“ஒரே ஒரு தடவை மேடம்.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”

“விரல் இன்னும் சூடா இருக்கு.”

“உடம்பே சூடா இருக்கு சார். காய்ச்சல்.”

மேசையில் படுத்திருந்தவள் தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

“சார்” என்றாள் கஸ்தூரி.

அவர் குனிந்தார். “சொல்லுங்கம்மா.”

“எடது காலு தானே?”

“ஆமாங்க.”

“பிரேக்கு வலது கால்ல கீது சார். கிளட்ச்சு, கியரு, ஆக்சிலேட்டரு அல்லாம் கையில. எடது காலு வண்டில சும்மாத்தான் குந்திகினு வரும்.” இதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். “நீ நல்லா கழுவுன. போதும். எட்த்துரு.”

பிறகு அவர் நிமிர்ந்து, கையுறையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, வெளியே நின்றிருந்த தேவனிடம் போனார். அவசரத்தில் கதவை யாரும் சாத்தவில்லை. அதனால் எனக்குக் கேட்டது.

“உங்க வீட்டம்மா காலை எடுத்துடச் சொல்றாங்க. நானும் அதைத்தான் சொல்றேன்.”

தேவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவ வாயால சொன்னாளா?” என்று கேட்டார்.

“சொன்னாங்க.”

“அப்ப எட்த்துரு சார். வூட்ல அவ சொல்றது தான்.”

முழங்காலுக்குக் கீழே எடுத்தார். அந்த மெதுவான கை அன்று எவ்வளவு வேகமாக ஓடியது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எடுத்த பிறகும் அவர் தைக்கவில்லை. நல்ல சதைதான் என்று உறுதியாகும்வரை அதையும் திறந்தே வைத்தார். இம்முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சில நாளில் காய்ச்சல் இறங்கியது. சிறுநீர் வந்தது. அதன் பிறகுதான் மூடினார்.

காலை எடுத்த அன்று டீ கொடுக்கப் போனேன். உடை மாற்றும் அறையில் தலையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“முன்னாடியே எடுத்திருக்கணுங்க சிஸ்டர். போன தடவையே எனக்குத் தெரிஞ்சது.”

“தெரிஞ்சுதான் செஞ்சீங்களா சார்?”

“ஆமா” என்றார். “தெரிஞ்சும் கழுவிக்கிட்டே இருந்தேன். கையை நிறுத்த முடியலை.”

நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் மாறினார். கழுவுவது மாறவில்லை. ஆனால் இப்படிக் கால் நசுங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். “காப்பாத்தப் பார்ப்போம். எங்கே நிறுத்தணும்னு இப்பவே பேசி வச்சுக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாமப் போனா நீங்க சொல்லணும்.” ஒரு டாக்டர் இப்படிச் சொல்லி நோயாளிகள் கேட்டதில்லை. சிலர் பயந்தார்கள். பெரும்பாலானவர்கள், ஏதோ தங்களுக்கும் அந்தக் காலில் பங்கு கிடைத்துவிட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கஸ்தூரியிடம் மட்டும் அவரால் பேச முடியவில்லை. தினமும் வருவார், காயத்தைப் பார்ப்பார், போய்விடுவார். “என்னாண்ட பேசச்சொல்ல சுவத்தையே பாத்துகினு பேசறாரு சிஸ்டர்” என்று அவளே என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் புறநோயாளிப் பிரிவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த முகத்துவாரக்குப்பத்து மீனவர் கால் காட்ட வந்திருந்தார். கம்பியெல்லாம் எடுத்தாகிவிட்டது. “சோக்கா கீது டாக்டரே, பாரு” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முறிந்த அந்த ஒற்றைக் காலிலேயே கொக்கு மாதிரி நின்று காட்டினார். வராந்தாவில் காத்திருந்த கூட்டம் முழுவதும் கைதட்டியது. டாக்டர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு திரும்பியவர், கூட்டத்தின் ஓரத்தில் கஸ்தூரியைப் பார்த்துவிட்டார். அக்குளில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

“நானும்தான் மாசக்கணக்கா ஒத்தக் கால்ல நிக்கிறேன்” என்றாள் சத்தமாக. “எனக்கு ஒர்த்தனும் கை தட்டல.”

கைதட்டல் நின்றுவிட்டது. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவளே சிரித்துவிட்டாள். மீனவரும் காலைக் கீழே ஊன்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் எல்லோரும். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு நடக்கப் பழகி, அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஓட்டுவதற்கு அனுமதி வாங்கி, அவள் மறுபடியும் ஆட்டோவில் உட்கார ரொம்ப நாளாயிற்று. தேவனுக்கு விருப்பமில்லை. வீட்டில் அவள் சொல்வதுதான் என்பதால் அவரே வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

டாக்டருக்கு அவர் ஊர்ப் பக்கமே மாற்றல் வந்தது. போகிற நாள் காலையில், சென்ட்ரலுக்கு அழைத்துப்போக அவர் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கஸ்தூரி. அவர் ஊருக்குப் போவதை அவளிடம் சொன்னது நான்தான். வழியனுப்பப் போயிருந்த நானும் பையோடு பையாக ஏறிக்கொண்டேன். அவர் ஒரு வினாடி தயங்கினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடலோரமாகப் போகிற அந்தச் சாலையில் வழக்கம் போல ட்ரெய்லர்கள் வரிசை. கல்மண்டபத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டதில் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. கஸ்தூரி இஞ்சினை அணைத்தாள். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் அவளுடைய முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“கஸ்தூரிம்மா. உங்க காலை வந்த அன்னைக்கே எடுத்திருக்கணும். பெரியவர் சொன்னார். நான் கேட்கலை. அப்புறமும் எனக்குத் தெரிஞ்சே தள்ளிப் போட்டேன். உங்க உயிரே போயிருக்கும். இதை உங்ககிட்டே சொல்லாம ஊருக்குப் போக முடியாது.”

அவள் திரும்பவில்லை. முன்னால் இருந்த சிறிய கண்ணாடியைச் சரிசெய்து அதில் அவரைப் பார்த்தாள்.

“சார், வந்த அன்னிக்கே எட்த்துருந்தா நான் கண்ணு முழிக்கச்சொல்ல காலு இருந்திருக்காது. அப்ப நான் இன்னா பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியாது. நீ ஒவ்வொரு தபா கழுவச்சொல்லயும் அது கொஞ்சம் கொஞ்சமா போச்சு. நானும் அத்த கொஞ்சம் கொஞ்சமா வுட்டேன். கடசீல நானே எட்த்துருன்னு சொன்னேன் பாரு? அந்த நாளுங்க இல்லன்னா சொல்லிருப்பேனா? அத்த குட்த்தது நீ தான்.”

அவர் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கியது தெரிந்தது. முன்னால் லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. கஸ்தூரி வண்டியைக் கிளப்பினாள்.

சென்ட்ரல் வாசலில் இறங்கியதும் பையைத் தூக்காமல் அவள் பக்கம் போனார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இதைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?” என்றார். அவள் சுடிதாரைத் தூக்கிக் காட்டினாள். செயற்கைக் காலின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இங்கே தேய்க்குதா?”

“வெயில்ல கொஞ்சம் எரியும்.”

“சிவந்தா போட்டுக்கிட்டே ஓட்டாதீங்க. உடனே சிஸ்டர்கிட்டே போய்க் காட்டுங்க.”

“சரி சார். ரயிலு போயிடப் போவுது, கெளம்பு.”

எழுந்தார். எனக்கு ஒரு கும்பிடு, அவளுக்கு ஒரு கும்பிடு. தோளில் பையோடு கூட்டத்துக்குள் போனார். திரும்பிப் பார்ப்பார் என்று கொஞ்ச நேரம் நின்றோம். பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது முன் சீட்டுக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி அவளிடம் கேட்டேன்: “கஸ்தூரி, நீ அவர்கிட்டே சொன்னியே, அது நெஜமா?”

அவள் கியரை மாற்றி, நின்றிருந்த ஒரு ட்ரெய்லருக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வண்டியை லாகவமாக நுழைத்து வெளியே எடுத்தாள். பிறகு சொன்னாள்:

“பாதி நெஜம் சிஸ்டர். மீதி அவருக்காவ சொன்னது.”